மாமி வேடம் கட்டியவன்

எங்கள் குழுவில் நாலு பேர். நாலு பேரைக் குழு என்று சொல்ல வாய் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். எங்கள் அண்ணைக்கு அது இருந்தது. பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவர் சமையல்காரர். நாடகம் எழுதுவது, மெட்டுப் போடுவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கத்துவது எல்லாம் அவர்தான். நான் காலையில் ஒரு பள்ளிக்கூடக் கந்தீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள், பின்னேரத்தில் ஆர்மோனியம். மிருதங்கம் வாசிக்கிறவர் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். எங்களை ஏற்றி இறக்கும் வானும் அவருடையது. நாலாவது ஆள் தம்பி. நான் சொல்ல வந்தது அவனைப் பற்றித்தான்.

எங்களைக் கூப்பிடுகிறவர்கள் பெரிய ஆட்கள் அல்ல. பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, ஊர்ச்சங்கத்தின் ஆண்டு விழா என்று பாரிஸைச் சுற்றியுள்ள புறநகர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் எடுத்து நடத்துவார்கள். முதல் பாதி பாட்டுக் கச்சேரி. அதன்பின் தேத்தண்ணியும் வடையும். பிறகு அரை மணி நேரச் சிரிப்பு நாடகம். அதில் பேச்சே கிடையாது, முழுக்கப் பாட்டு. சண்டை பிடிப்பதும் பாட்டு, சோறு கேட்பதும் பாட்டு, கதவைச் சாத்து என்பதற்கும் ஒரு பல்லவி. ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்த மாமி, திரும்பிப் போகமாட்டேன் என்று சோபாவில் குந்திவிடும் நாடகத்துக்குத்தான் எங்கும் கிராக்கி. அண்ணை மருமகன். நான் ஆர்மோனியத்தில் இருந்தபடியே மகளாகப் பாடுவேன். தம்பி மாமி.

அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பெண் குரலில் ஏறி நிற்கும் தொண்டை. சேலை கட்டி, நரைத்த டோப்பா போட்டு, முகத்தில் பூச்சு ஏற்றி, ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி மேடையில் அவன் நாலு அடி வைத்தால் மண்டபம் சிரித்து விழும். ஒவ்வொரு கிழவிக்கும் தன்னுடைய சம்பந்தியைப் பார்த்த மாதிரி இருக்கும்.

முதல் ஒத்திகைக்கு வந்த அன்றே அவன் மூன்று நிபந்தனை போட்டான். பேர் போடக்கூடாது. ஊர் சொல்லக்கூடாது. பூச்சு இல்லாமல் யாரும் படம் எடுக்கக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடைக்கும் தேத்தண்ணிக்கும் பாடுகிற குழுவில் இவருக்கு என்ன நட்சத்திர மிடுக்கு என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் கேட்டும் விட்டேன். அவன் கோபிக்கவில்லை. அண்ணை சமைக்கும் கடையின் நிலவறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, காரணத்தைச் சொன்னான்.

அவன் வன்னிப் பக்கத்துப் பிள்ளை. யுத்தம் முடிந்தபின் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்தவன். வெளியே வந்தும் விடவில்லை, கிழமைக்குக் கிழமை இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். ஒருநாள் கையெழுத்து வைக்கப் போகாமல் நாட்டை விட்டே வந்துவிட்டான். அன்றிலிருந்து தாயிடம் ஆட்கள் வருவார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். யார், எங்கிருந்து என்று சொல்லமாட்டார்கள். முற்றத்துக் கதிரையில் இருந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மகன் எங்கே என்று தன்மையாகக் கேட்பார்கள். தாய் ஒரே கதையைத்தான் சொல்லி வந்தார். மகன் தன்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போனவன், இருக்கிறானோ செத்தானோ தெரியாது, ஒரு தொடர்பும் இல்லை. ஆண்டுக்கணக்காக இதே சொல், இதே அழுகை. அவன் வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தொலைபேசிக்கு எடுத்துத்தான் தாயோடு கதைப்பான். தகப்பன் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அந்த வீட்டில் அந்த மனுசி தனியாக இருந்தார்.

“என்ரை முகமும் பேரும் ஒரு இடத்திலை சேர்ந்து வந்தா, அம்மா இவ்வளவு காலமும் சொன்னது பொய்யெண்டு ஆகிப்போகும் அக்கா,” என்றான். “என்னை அவையளாலை ஒண்டும் செய்யேலாது. அவ அங்கை இருக்கிறா.”

அன்றிலிருந்து அவனை மறைப்பது எங்கள் மூன்று பேரின் வேலையாயிற்று. விளம்பரத்தில் மூன்று பேர் பெயர்தான் வரும். கச்சேரிப் பாதியில் அவன் பாடமாட்டான். பூச்சோடு மேடை ஏறி, பூச்சோடு வானில் ஏறுவான். இந்த நாட்டு வதிவிடக் கார்ட் அவனுக்கு இன்னும் கிடைக்காததால் சுவிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த அழைப்புகளை அண்ணை வயிற்றெரிச்சலோடு தட்டிக் கழித்தார். அதிலெல்லாம் பெரிய கஷ்டம் இல்லை. எங்கள் சனத்தின் வாயை மூடுவதுதான் கஷ்டம்.

நாங்கள் ஆளைக் கண்டால் முதலில் கேட்பது பேர் அல்ல. “நீங்கள் எந்த இடம்?” ஊர் தெரிந்ததும் அதில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆரின்ரை மகன் என்று போகும். லா சப்பல் கடைத்தெருவில் ஒரு கிலோ கத்தரிக்காய் நிறுத்துத் தருவதற்குள் கடைக்காரர் மூன்று தலைமுறையைத் தோண்டி எடுத்துவிடுவார். அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தெரிந்த ஊராக இருந்துவிட்டால் ஒரு கட்டுக் கறிவேப்பிலை சும்மா போடுவார்கள். தம்பி ஒரு கடையில் வவுனியா என்பான், மறு கடையில் மன்னார் என்பான், மீன் கடையில் திருகோணமலை. ஒரு ஊரையே சொல்லித் தொலையடா, பொய்யனுக்கு ஞாபகசக்தி வேணும் என்று நான் ஏசுவேன். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பதறிவிடும், வாயில் வந்த ஊரைச் சொல்லிவிடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மனிதர் எங்கள் நிகழ்ச்சிகளில் தென்படத் தொடங்கினார்.

முதலில் கண்டது தம்பிதான், மேடையிலிருந்து. மண்டபத்தின் கடைசியில், வெளியே போகும் கதவை ஒட்டி, மண்ணிற ஜாக்கெட்டோடு ஒருவர் நின்றார். அறுபது வயது இருக்கலாம். அவர் சிரிக்கவில்லை. சாப்பிடவில்லை. யாரோடும் பேசவில்லை. மாமி மேடைக்கு வந்ததும் தொலைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே உயர்த்தினார். மாமி உள்ளே போனதும் இறக்கினார். திரும்ப வந்ததும் திரும்ப உயர்த்தினார். அன்று தம்பி தாளம் தவறிப் பாடினான். ஆர்மோனியத்தில் அவனைப் பிடித்து இழுத்துக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நிகழ்ச்சி வேறொரு ஊரில், வேறு சங்கத்துக்கு. அங்கேயும் அதே ஜாக்கெட், அதே கதவடி. அதற்கடுத்ததிலும். எங்களைக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கு அவரைத் தெரியவில்லை. யாரோடு வந்தவர் என்று விசாரித்தால் ஆளுக்கு ஆள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அதன்பிறகு வானுக்குள் சிரிப்புப் போய்விட்டது. வழக்கமாகத் திரும்பி வரும்போது அண்ணை எந்த இடத்தில் சனம் சிரித்தது, எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பார். இப்போது நாலு பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். மிருதங்கக்காரர் மட்டும் அந்தத் தொலைபேசியை உடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். உடைத்து என்ன பயன், போனது போய்விட்டிருக்கும் என்று அண்ணை சொன்னார். தம்பி பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த ரூ பிலிப்-து-ஜிரார் வழியாக நடப்பதை அவன் நிறுத்திவிட்டான். ஒத்திகைக்கு வரும்போது ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிச் சுற்றி வருவான். நிலவறைப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்துவான். இறங்கி வருவது வெங்காய மூட்டை எடுக்க வந்த கடைப் பையனாக இருக்கும். எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. மெத்ரோ வாசலில் சும்மா நிற்கிற ஒவ்வொரு ஆணையும் இவன் யாருக்காக நிற்கிறான் என்று பார்க்கத் தொடங்கினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பயந்த சாதி இல்லை. ஆனால் இருண்டவன் கண்ணுக்கு அரண்டதெல்லாம் பேய் என்று உளறும் அளவுக்கு வந்துவிட்டேன். பழமொழியே தலைகீழாகிப் போன காலம் அது.

எபினே-சூர்-செய்ன் புறநகரில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் விழா வந்தது. தம்பி வரமாட்டான் என்றுதான் நினைத்தோம். வந்தான். வெள்ளிக்கிழமை தாயோடு கதைத்தானாம், ஒருவரும் வரவில்லை, எல்லாம் சுகம் என்றாராம். கச்சேரிப் பாதி முடியும் நேரம் ஆர்மோனியத்திலிருந்து நிமிர்ந்தேன். கதவடியில் மண்ணிற ஜாக்கெட்.

இடைவேளையில் நேரே அவரிடம் போனேன். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. ஆர் நீங்கள், எங்கடை ஆளை ஏன் படம் எடுக்கிறியள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் போயிருக்கும், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் பதறிப்போனார். படம் எடுக்கவில்லை தங்கச்சி என்று சொல்லித் தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். திரையில் தலையணையில் சாய்ந்தபடி ஒரு பெண். முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பாரிசவாதம் வந்து படுத்துவிட்ட மனைவி. வீட்டை விட்டு வெளியே வரமுடியாது. ஒரு சடங்கு வீட்டில் எங்கள் நாடகத்தை அவருக்குத் தொலைபேசியில் நேரடியாகக் காட்டியிருக்கிறார், அன்றுதான் அந்த அம்மா நோய் வந்தபின் சிரித்திருக்கிறார். அதிலிருந்து எங்கே நிகழ்ச்சி என்றாலும் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவாராம். கதவடியில்தான் சிக்னல் கிடைக்கிறது.

“மாமி எப்ப வருவா?” என்று அந்த அம்மா திரையிலிருந்து என்னைக் கேட்டார். சொல் குழறித்தான் வந்தது.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது, எல்லாவற்றையும் விட ஆறுதலாக இருந்தது. மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். தம்பி சிரித்தான், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து பூச்சு கரைந்தது. டோப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாதி முகத்துப் பூச்சோடு, வடை தின்னப் போகிறேன் என்று மண்டபத்துக்குள் போனான். அதற்குமுன் ஒருநாளும் அவன் அப்படிப் போனதில்லை. நாங்களும் தடுக்கவில்லை. அவ்வளவு இலேசாக இருந்தது மனம்.

வடைத் தட்டோடு நின்ற ஓர் அம்மா அவனை உற்றுப் பார்த்தாராம். “உன்ரை கொப்பற்றை முகம் அப்பிடியே இருக்கு,” என்றாராம். அவர் அவனுடைய ஊர், தகப்பனைத் தெரிந்தவர். அவனுடைய சொந்த மாமியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். தம்பி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ அம்மா என்று மட்டும் கெஞ்சியிருக்கிறான். அந்த அம்மா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப்பிள்ளை, இவ்வளவு திறமை, இவ்வளவு அடக்கம். பூரித்துப் போய் நேரே சங்கத் தலைவரிடம் போய்விட்டார்.

எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. தம்பியும் வந்து சொல்லவில்லை. சொன்னால் எங்கள் சந்தோசம் கெட்டுவிடும் என்று நினைத்தானோ, அல்லது அந்த அம்மா சொல்லமாட்டார் என்று நம்பினானோ. அன்று அவன் பாடிய மாதிரி நான் கேட்டதில்லை. “விசா முடிஞ்சால் என்ன மோனே, என்ரை வெத்திலை முடியேல்லையே” என்று அவன் சோபாவில் காலை நீட்டியபோது மண்டபம் கைதட்டி அடங்கவில்லை. கதவடியில் அந்த மனிதரும் முதல் தடவையாகச் சிரித்தார்.

நாடகம் முடிந்ததும் பொன்னாடை. அது இல்லாமல் எங்கள் சனத்துக்கு ஒரு விழாவும் முடியாது. அண்ணைக்குப் போர்த்தினார்கள், எனக்குப் போர்த்தினார்கள், மிருதங்கக்காரருக்கும் போர்த்தினார்கள். பிறகு தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கலைஞர் தன்னை மறைத்துக்கொண்டு எங்களை மகிழ்விக்கிறவர், ஆனால் குன்றின் மேலிட்ட விளக்கை மறைக்க முடியாது என்று தொடங்கினார். ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டு நான் எழும்புவதற்குள் அவர் சொல்லிவிட்டார். பிறந்த ஊர். படித்த பள்ளிக்கூடம். தகப்பன் பெயர், தாயின் பெயர். இன்னாரின் ஒரே மகன். கடைசியாக அவனுடைய முழுப் பெயர். மரண அறிவித்தலில் சொல்வார்களே, அதே ஒழுங்கில், ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, மக்கள் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாமா என்று சிரித்தபடி தன் கையாலேயே டோப்பாவைக் கழற்றினார்.

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. எல்லாக் கைகளிலும் தொலைபேசி. மேடைக்கு முன்னால் முக்காலியில் சங்கத்தின் கமரா நின்றது. முகநூலில் நேரலை என்று தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார்கள். நாடகத்தின்போது நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, பூச்சு இருந்ததே. தம்பி கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றான். அவன் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. வடை கொடுத்த அம்மா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசயத்தைச் சொன்னதும் தலைவர் கமராவடிக்கு ஓடினார். அங்கேயே காணொளியை அழித்தார். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு என் காலில் விழாத குறை. அவரைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. என்னத்தைச் சொல்லித் திட்டுவது? மரியாதை செய்தார் என்றா? ஆனால் அதற்குள் அது பல பக்கங்களில் பகிரப்பட்டுவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் மண்ணின் மைந்தன் என்று எழுதி, அவனுடைய ஊரிலிருக்கிறவர்களுக்கே அனுப்பியிருந்தார்கள்.

பிறகு காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போனது, தாய் சுகமாகக் கதைத்தார். இன்னொன்றும் போனது. அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றான் தம்பி, ஏன் வீணாகப் பயமுறுத்துவான் என்று. கண்டம் தப்பியது என்று அண்ணை ஒத்திகைக்கு நாள் குறித்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மழைக்கு முன்னால் இலை ஆடாமல் நிற்குமே, எனக்கு அப்படித்தான் இருந்தது. வாய் திறந்து சொன்னால் பலித்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அன்று புதன்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து கடை சாத்தியிருந்தது. மேசைகளின் மேல் கதிரைகளைக் கவிழ்த்துவிட்டு மேலேயே ஒத்திகை பார்த்தோம். தம்பி பயிற்சிக்காகச் சேலை கொசுவிக்கொண்டிருந்தபோது அவனுடைய தொலைபேசி அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் இலக்கம். எப்போதும் அவன்தான் எடுப்பான். அங்கிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையிலும் கொசுவத்தைப் பிடித்தபடி, விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

தாய் அழவில்லை. ஒரு சேதியை ஒப்புவிக்கிற மாதிரி சொன்னார். நேற்று வந்தார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பேர் சொன்னதையும் டோப்பாவைக் கழற்றியதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இது உன்னுடைய மகனா என்று கேட்டார்கள்.

“நடையெல்லாம் என்ரை நடை,” என்றார். “இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு. நான் இல்லையெண்டனான். அவை நம்பேல்லை. உள்ளுக்குப் போய்க் கற்பூரம் எடுத்துக்கொண்டு வந்து, முத்தத்திலை கொளுத்தி, கையாலை அடிச்சு நூர்த்துச் சத்தியம் பண்ணினன். இவன் நான் பெத்த பிள்ளை இல்லை எண்டு.”

வந்தவர்களில் ஒருவன் தமிழ் பேசுகிறவனாம். கற்பூரம் எரிந்ததும் அவன் எழும்பி நின்றுவிட்டானாம். அதன்பிறகுதான் போனார்கள்.

தம்பி கொசுவத்தை விடவில்லை. அண்ணை அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றார். எங்களில் யாருக்கும் கற்பூரச் சத்தியத்தை விளக்கத் தேவையில்லை. பாரிஸில் எத்தனை வருசம் இருந்தாலும், கடவுளே இல்லை என்று சொல்கிறவன்கூட அதைப் பொய்யாகச் செய்யமாட்டான்.

“பொய்ச் சத்தியம் பெத்த பிள்ளையின்ரை தலையிலைதான் விழும்,” என்றார் தாய். “எனக்கு நீ ஒருத்தன்தானே. உன்ரை தலையிலை விழ விடமாட்டன். அதை உண்மையாக்க வேணும். இண்டைக்கு விடியக் கோயிலிலை போய்ச் சொல்லிப்போட்டன். இனி நீ எனக்குப் பிள்ளை இல்லை, நான் உனக்குத் தாய் இல்லை. இந்த நம்பருக்கு எடுக்காதை.”

“ஓம் அம்மா,” என்றான் அவன்.

அங்கே தூரத்தில் ஒரு நாய் குரைத்தது.

“அப்பிடிக் கூப்பிடாதை, ராசா,” என்றார் அவர். தொடர்பு அறுந்தது.

அழாமல் நின்ற அவனைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். திருப்பி எடடா என்று கத்தினேன். தாய் மனம், பயத்தில் சொல்கிறார், நாலு நாளில் மாறிவிடும், சாத்திரமெல்லாம் ஒரு பேச்சா என்று என்னென்னவோ சொன்னேன்.

அவன் சேலையை அவிழ்த்து நாலாக மடித்தான்.

“இல்லை அக்கா,” என்றான். “நான் எடுத்தா அவ பண்ணினது பொய்ச் சத்தியமாப் போயிடும்.”

அவன் இன்றுவரை எடுக்கவில்லை.